பெயரில்லாத அளவு

ஜூன் 6

புது டாக்டரம்மா இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஜெசிந்தா. பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம். அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், பிறகு என் வீட்டுக்காரரை வெளியே கூட்டிப் போய்ப் பேசுவார். இந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆவுடையம்மா, இது உங்க நோட்டு. தினமும் என்ன சாப்பிட்டீங்க, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு, மனசுல என்ன ஓடுது, எல்லாம் எழுதுங்க. காட்டணும்னு தோணுறத மட்டும் எனக்குக் காட்டுங்க. கடைசிப் பக்கம் கேள்விக்கு. என்ன கேட்டாலும் பதில் சொல்லுவேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார்கள்.

பின்னால் நின்றவர் என் வீட்டுக்காரர் நயினார். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் பேரை எழுதினால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மை சொல்வாள். ஒரு தடவை எழுதியாகிவிட்டது, இனிமேல் 'இவர்'தான்.

நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் எண் போட்டிருக்கிறது, ஒன்றிலிருந்து எண்பது வரை. டாக்டரம்மாவின் கையெழுத்துத்தான். நோட்டுக்குப் பக்க எண் போடுகிற டாக்டரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வேலை இல்லாத நேரம் போலிருக்கிறது.

எனக்கு அல்சர். மாசியில் குடலில் ஒரு கட்டி எடுத்தார்கள். புண் ஆறுவதற்காகப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பாளையங்கோட்டைக்குப் போய்ச் சத்து ஊசி போட்டுக்கொள்கிறேன். காலையில் படுத்தால் ஏறி முடிய மூன்று மணி ஆகும். மருந்துக்கடைச் சந்து வழியாகப் போனால் ஆஸ்பத்திரிக்குக் குறுக்குவழி. முன்வாசலை நான் பார்த்ததே இல்லை.

சாப்பிட்டது: இரண்டு இட்லி. வலி: 4.

ஜூன் 8

இளைத்துவிட்டேன் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். முப்பத்தொரு வருடமாக அம்பாசமுத்திரத்தில் ஜாக்கெட் தைக்கிறவளிடம் வந்து சொல்கிற பேச்சா இது? ஒருத்தி இளைத்தாளா பெருத்தாளா என்று அவள் ஜாக்கெட் சொல்லிவிடும். நான் போட்டிருக்கிற ஜாக்கெட் போன தீபாவளிக்குத் தைத்தது. இன்றைக்கும் கச்சிதமாக நிற்கிறது. துணி பொய் சொல்லாது என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் ஏனோ என் தங்கச்சி பகவதியைத் திரும்பிப் பார்த்தார்.

முடி கொட்டவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11

மத்தியானம் மாத்திரை போட்டால் கிணற்றில் கல் விழுந்த மாதிரித் தூக்கம். தூக்கத்துக்குள் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. மத்தியானம் பகவதி இரண்டு தெரு தள்ளி அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாள், மிஷினைத் தொட ஆள் கிடையாது.

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. மிஷின் சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்று. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நின்றது. நான் போட்டு வைத்த நூல் கறுப்பு. ஊசியில் பச்சை நூல் இருந்தது.

நான் இப்போது உடுத்தியிருக்கிறதும் பச்சை ஜாக்கெட்தான். நேற்றுத் துவைத்துப் போட்டது.

ஜூன் 14

முன்னறைக் கண்ணாடியைக் காணோம். ஆளுயரக் கண்ணாடி, வாடிக்கைக்காரிகள் போட்டுப் பார்ப்பதற்கு.

"ரசம் போயிட்டுல்லா? மாத்தக் குடுத்திருக்கேன்" என்றார் இவர்.

"எங்க குடுத்திய?"

"கடையிலதான்."

"எந்தக் கடையில?"

"ஏட்டி, கஞ்சி ஆறுது, குடி."

நாற்பது வருடம் பஸ்ஸுக்கு நேரம் குறித்த மனுஷன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கடை பேர் மட்டும் மறந்துவிட்டது.

ஜூன் 20

ஊசி. மருந்துக்கடை வழியாகப் போனோம், மருந்துக்கடை வழியாக வந்தோம். டாக்டரம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் ஒரு கேள்வி எழுதியிருந்தேன்: கருவாடு சாப்பிடலாமா?

சிரித்தார்கள். "சாப்பிடலாம். வேற கேள்வி இல்லையா?"

"இல்லம்மா."

"அவசரமில்ல. பக்கம் அங்கனயேதான் இருக்கும்."

ஊருக்கு வந்து இறங்கும்போது சாரல் காற்று ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்தக் காற்றுக்காக ஏங்குகிறவள் நான். இன்றைக்கு முகத்தில் பட்டதும் குத்தியது. வீட்டுக்கு வந்து தம்ளரை எடுத்தேன். தண்ணீர் இல்லை, உள்ளே பொடி ஊசிகள் கிடக்கின்றன என்று நினைத்துக் கீழே போட்டுவிட்டேன். கவிழ்ந்தது வெறும் தண்ணீர்தான்.

"சத்து ஊசில்லா, அப்படித்தான் இருக்கும். வெந்நீர் குடி" என்றார் இவர். பழைய டாக்டர் இதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருப்பார் போல. அதற்குள் ஒரு சொம்பு வெந்நீர் தயாராக இருந்தது.

ஜூன் 24

ஊசி போட்ட நாலாம் நாள். சாரலுக்குக் கதவைச் சாத்திவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். பழைய பாக்கி ஒன்று முடிக்க வேண்டியிருந்தது. அளவு நோட்டைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் பெயரே இல்லை. என் நோட்டில் பெயரில்லாமல் பக்கம் இருக்காது. பெயர், தெரு, அப்புறம்தான் அளவு. இதில் தேதியும் அளவும் மட்டும்.

மார்ச் 15: மார்பு 38, இடுப்பு 34.
ஏப்ரல் 12: மார்பு 37, இடுப்பு 32½.
மே 10: மார்பு 36, இடுப்பு 31.
ஜூன் 11: மார்பு 35, இடுப்பு 30.

முதல் வரி நீல மையில் இருக்கிறது, மற்றதெல்லாம் பென்சில். பகவதிக்குப் பேனா ஆகாது. எழுதி எழுதி அழித்துத் தாளைத் தேய்ப்பாள்.

யாரோ ஒருத்தி என் கடைக்கு வந்து வந்து இளைத்துப் போகிறாள். நான் அவளைப் பார்த்ததில்லை. எப்போது வந்தாள், எங்கே நின்று அளவு கொடுத்தாள்? இவ்வளவு வேகமாகக் கரைகிற உடம்பை நான் ஒரே ஒரு தடவைதான் அளந்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தைத்த ஜாக்கெட்டை வாங்க ஆள் வரவில்லை.

"இது யாருட்டி?" என்று பகவதியிடம் கேட்டேன்.

பகவதி நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னை ஒரு மாதிரியாக, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலயாக்கா?"

"தெரிஞ்சா கேப்பனா?"

"யாரோ ஒரு டீச்சர்க்கா. உடம்பு குறைக்காங்களாம்."

பொய் சொல்லும்போது இவளுக்கு மூக்கு சிவக்கும். பாவாடை கட்டுகிற வயதிலிருந்தே அப்படித்தான்.

ஜூன் 29

தென்காசியிலிருந்து பெரியம்மை மகன் வந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தானாம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சடங்கு வீட்டில் என்னைப் பேசிய பேச்சுக்கு இன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். நான் அந்தச் சண்டையையே மறந்திருந்தேன். சரி போகட்டும் என்றதும் வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். இவர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வாசல்படிக்கு வந்ததும் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இந்த வாரத்தில் இவனோடு நாலு பேர் ஆகிவிட்டது. எல்லோரும் எனக்குப் பிடித்த பலகாரமாகவே கொண்டுவருகிறார்கள். நான் தின்னத் தின்ன எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். உயிரோடு இருக்கிறவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஒரு சமயம் எனக்கே சந்தேகம் வந்து, அடுப்பில் விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. கொஞ்சம் தாமதமாகச் சுட்டது.

ஜூலை 4

ஊசி. நர்ஸ் எடை மிஷினில் ஏறச் சொன்னாள். முள் நின்றதும் வாயைத் திறந்தாள், இவர் இருமினார். அவள் வாயை மூடிக்கொண்டு சீட்டில் எழுதி மடித்து இவர் கையில் கொடுத்தாள். என் எடை இவர் சட்டைப் பையில் ஏறி ஊருக்கு வந்தது.

டாக்டரம்மா சொன்னார்கள், "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு இருக்கோ, அத நீங்கதான் தொடங்கணும், ஆவுடையம்மா."

"அல்சருக்கு என்னம்மா பெருசாத் தெரிஞ்சுக்க இருக்கு" என்றேன்.

நானேதான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஜூலை 8

எந்த ஜாக்கெட்டையும் உள்பக்கத்தைத் திருப்பிக் காயப் போடுவதுதான் என் வழக்கம், சாயம் வெளுக்காது. ஏப்ரலிலிருந்து துவைப்பதும் காயப் போடுவதும் பகவதிதான். இன்றைக்கு அவள் வர நேரமானதால் நானே துவைத்தேன்.

ஜாக்கெட்டின் பக்கவாட்டில் நான் இரண்டு வரித் தையல்தான் போடுவேன். உடம்பு பெருத்தால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். பச்சை ஜாக்கெட்டில் ஐந்து வரி இருந்தது. மாம்பழ மஞ்சளிலும் ஐந்து. பழைய ஊதாவிலும் ஐந்து. கொடியில் இருந்த எல்லாவற்றையும் திருப்பினேன். ஒவ்வொரு வரியும் முந்தின வரிக்கு உள்ளே, கால் அங்குலம் கால் அங்குலமாக. கடைசி வரி வெளியே தெரியாமல் அழகாகத் தேய்க்கப்பட்டிருந்தது.

புது வரிகள் எல்லாவற்றிலும் தொடக்கத்தில், நூல் பிரியாமல் இருக்க, மூன்று தடவை பின்னால் ஓட்டியிருக்கிறது. இரண்டு தடவை போதும் என்று இருபது வருடமாகத் தலையில் குட்டியும் மாறாத பழக்கம். யாருடைய பழக்கம் என்று எழுத மாட்டேன்.

மறுபடியும் கொடியில் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன். வளையலைக் கழற்றி வைக்கச் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஊசி போட இடைஞ்சல் என்றார்கள்.

ஜூலை 9

சாப்பிட்டது: அரை இட்லி. வலி: 3. முடி கொட்டவில்லை.

ஜூலை 15

எங்கள் தொழிலில் நான் வைத்திருக்கிற ஒரே சட்டம்: படுத்திருக்கிற உடம்பில் டேப் வைக்கக் கூடாது. நின்றால்தான் உடம்பு. படுத்துவிட்டால் அளக்கிறவர்கள் வேறே. பகவதிக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

இன்றைக்கு மத்தியானத் தூக்கத்தில் முதுகுக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. குளிர்ச்சியாக, மெல்லிசாக, மார்பைச் சுற்றி வந்து நின்றது. கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரோ எனக்கு மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. இறுக்கி, தளர்த்தி, இரண்டு விரல் இடம் விட்டுப் பிடித்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சுடுதண்ணீர்.

எழுந்து அளவு நோட்டைப் பார்த்தேன். ஜூலை 15: மார்பு 34, இடுப்பு 29. பென்சில்.

ஜூலை 18

ஊசி. எட்டாவது. டாக்டரம்மா லீவாம், வேறு ஒருவர் பார்த்தார்.

ஜூலை 21

நேற்று முன்தினம் இரண்டு பக்கம் எழுதினேன். இன்றைக்கு அந்தத் தாள் இல்லை. பதினாறாம் பக்கத்துக்கு அடுத்தது பத்தொன்பது. கிழித்தவருக்கு நோட்டுக் கட்டுகிற வித்தை தெரியாது. நடுநூலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சோடித் தாள் பிடிமானம் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது.

என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறது. ஊக்கு வைக்கும்போது விரல் நுனிக்கு ஊசி இருப்பதே தெரியவில்லை என்று எழுதினேன். பட்டுத்துணியையும் பருத்தியையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வேன், இப்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று எழுதினேன். டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கீழே கோடு போட்டிருந்தேன்.

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி எவ்வளவோ நடக்கிறது. அதற்கெல்லாம் கோபம் வரவில்லை. என் விரல் பற்றி நான் எழுதியதைக் கிழித்ததற்குக் கோபம் வருகிறது. விரல் போனால் நான் யார்?

ஜூலை 26

பெயரில்லாத அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜாக்கெட் தைப்பது என்று முடிவு செய்தேன். பகவதி சந்தைக்குப் போயிருந்தாள். இவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளை மல்துணி எடுத்து 34க்கும் 29க்கும் வெட்டினேன். கத்தரியின் குளிர் முழங்கை வரை குத்தியது, கைக்குத் துணி சுற்றிக்கொண்டேன்.

தைத்துக்கொண்டு போகும்போது துணியில் சிவப்பு நூல் ஓடியது. அடிநூல் சுற்றுகிற பாபினில் தப்பான நூல் மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மிஷினை நிறுத்தித் துணியைத் தூக்கப் போனேன், என் கை வரவில்லை. ஆள்காட்டி விரல் ஊசியோடு சேர்ந்து கீழே நின்றது. ஊசி நகத்துக்குள் போய் அடியில் வந்திருந்தது. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. யாரோ ஒருத்தியின் விரலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சக்கரத்தைக் கையால் பின்னால் சுற்றி விரலை எடுத்தேன். கட்டுப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் தைத்து முடித்தேன்.

வலி: 0. அதுதான் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஜூலை 27

கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஆறு ஊக்கு. ஆறும் இழுக்காமல், தளராமல் விழுந்தன. தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சரியாகப் பொருந்துகிற ஜாக்கெட்டை நான் தைத்ததில்லை.

பார்க்கக் கண்ணாடி இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 30

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதினேன். மூன்று சொல். எழுத அரைமணி நேரம் ஆனது. விரல் பேனாவைப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

எழுதி முடித்ததும் அந்தத் தாளைப் பின் அட்டையோடு சேர்த்து மிஷினில் கொடுத்து மூன்று பக்கமும் தைத்துவிட்டேன். இனி கிழிக்கிறவர்கள் அட்டையோடு கிழிக்கட்டும்.

ஆகஸ்ட் 1

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவர் வழக்கம்போல மருந்துக்கடைச் சந்துக்குள் திரும்பினார். நான் திரும்பவில்லை.

"ஏட்டி, அங்கன எங்க போற? இப்படி வா."

"முன்வாசல் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாறேன்."

"அது சுத்து வழி..."

"நாலு மாசமா நீங்கதான் என்னயச் சுத்த விட்டிய. இன்னைக்கு நான் சுத்துதேன்."

பகவதியும் கூட வந்திருந்தாள். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் வந்தார்கள். வாசலுக்கு மேலே பெரிய பலகை. நின்று நிதானமாகப் படித்தேன். புற்றுநோய்ப் பிரிவு. இந்த நோட்டில் முதல் தடவையாக அந்த வார்த்தையை எழுதுகிறேன். எழுதிவிட்டேன். நோட்டு எரிந்துபோகவில்லை.

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் புரட்டினார்கள். பதினாறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பதினேழு எங்க?"

அப்போதுதான் எனக்குப் பச்சை எண்களின் அர்த்தம் புரிந்தது. இந்த அம்மாவுக்கு வேலை இல்லாமல் இல்லை. பக்கம் கிழிகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

இவர் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். பர்ஸுக்குள்ளிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "தூரப் போட மனசு வரல" என்றார்.

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுச் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "நீங்க தைக்கிறவங்களா?"

"முப்பத்தொரு வருசமா."

ஃபைலைத் திருப்பி என் பக்கம் காட்டினார்கள். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று இருந்தது.

"இத யாரு சொன்னது?" என்றேன்.

"கேட்டாவ, வீட்டுலதான் இருக்கான்னு சொன்னேன். கடை வீட்டுலதான இருக்கு" என்றார் இவர்.

ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இத நான் உங்ககிட்ட முதல் நாளே கேட்டிருக்கணும். ஃபைலை நம்பிட்டேன். என் தப்புதான்" என்றார்கள் டாக்டரம்மா.

பிறகு கடைசிப் பக்கத்துத் தையலைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோல் எடுத்தார்கள். நான் அதை வாங்கி நானே வெட்டினேன். மூன்று சொல்லையும் அவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள். "எனக்கு என்ன நோய்?"

இவர் எழுந்தார். "டாக்டரம்மா, நீங்க வாக்குக் குடுத்திய..."

"நான் குடுத்த வாக்கு என்னன்னு அவங்க முன்னாலயே சொல்றேங்க. நானா போய்ச் சொல்லமாட்டேன், அவங்க கேட்டா பொய் சொல்லமாட்டேன். இப்போ கேட்டுட்டாங்க." என் பக்கம் திரும்பினார்கள். "எல்லாத்தையும் சொல்லவா, கொஞ்சமா சொல்லவா? போதும்னு தோணினா கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்."

நான் கையைத் தூக்கவே இல்லை.

குடலில் புற்றுநோய். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், ஆனால் பக்கத்தில் இரண்டு நெறிக்கட்டிகளில் அது இருந்தது. திரும்ப வராமல் இருக்கப் பன்னிரண்டு ஊசி, எட்டு முடிந்துவிட்டது. இரண்டு மருந்து கலந்து போடுகிறார்கள், அதில் ஒன்று விரல் நரம்பைத் தொடும். பதினோரு கிலோ இறங்கியிருக்கிறேன்.

"அந்த ஒரு மருந்த நிறுத்திட்டு மத்ததத் தொடரலாம். நோய் திரும்பி வர்ற வாய்ப்பு அதனால கொஞ்சம் கூடலாம். எவ்வளவுன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ரெண்டையும் தொடர்ந்தா விரல் இன்னும் மரத்துப் போகும். சரியாக மாசக்கணக்கு ஆகும், முழுசாச் சரியாகாமலும் போகலாம். ரெண்டுல எதை எடுத்தாலும் நான் கூட இருப்பேன். முடிவு உங்களுது. இன்னைக்கே சொல்லணும்னு இல்ல."

இவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "எங்க அம்மைக்குச் சொன்னோம்மா. சொன்ன மூணாம் நாள் சாப்பாட்ட நிறுத்திட்டா. அதுக்குப் பொறவு ஒரு மாசம் இல்ல. அதான் இவகிட்ட..." கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்தேன். என் விரலுக்கு அவர் கை தெரியவில்லை, உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"விரலத் தொடுத மருந்து வேண்டாம்மா. மத்தத போடுங்க" என்றேன். "நல்லா யோசிச்சிட்டேன். விரல்ல ஊசி ஏறுன ஜூலை இருபத்தாறுல இருந்து யோசிக்கேன். இத்தன நாளும் ஆளாளுக்கு என்னய வெட்டித் தச்சிய. இனிமே கத்தரி எங்கிட்டயே இருக்கட்டும்."

டாக்டரம்மா ஃபைலில் இல்லத்தரசியை அடித்துவிட்டுத் தையல்காரர் என்று எழுதினார்கள். பச்சை மைதான்.

ஆகஸ்ட் 2

கண்ணாடி எதிர்வீட்டு டீச்சரின் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. இவரே போய்த் தூக்கிவந்து பழைய ஆணியில் மாட்டினார். அதற்கு முன்னால் போய் நின்றேன். மெலிந்த ஒருத்தி நின்றாள். இத்தனை நாளும் மத்தியானத்தில் வந்து வந்து போனவள். அவளைப் பார்த்துப் பயம் வரவில்லை. அவளுக்கும் என்னைப் பார்த்து இல்லை போலிருந்தது.

"ஏட்டி பகவதி, டேப்ப எடு. நின்னுட்டு இருக்கும்போது அள."

அவள் டேப்பைச் சுற்றியபடியே மூக்கை உறிஞ்சினாள். "அழுதுக்கிட்டே அளந்தா அரை அங்குலம் தப்பும்" என்று அதட்டினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அளந்தாள். முப்பத்துநாலு. இருபத்தெட்டரை. சத்தமாகச் சொல்லச் சொன்னேன், சொன்னாள்.

"படுத்திருக்கவள அளக்கலாமாட்டி? எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நீ முழிச்சிட்டு இருக்கும்போது கேட்டா விடுவியாக்கா?"

"அதுக்காகப் பேரில்லாம ஒரு பக்கத்த ஆரம்பிப்பியா?"

பகவதி அளவு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். அவள் மூக்கு சிவக்கவில்லை.

"இந்தப் பக்கத்த நான் ஆரம்பிக்கலக்கா. ஏப்ரல்ல நோட்டத் திறந்தப்ப முதல் வரி இருந்திச்சி. பாத்துட்டு, அக்காவுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ விட்ட எடத்துல இருந்து எழுதுனேன். யாருட்டின்னு நீயே வந்து கேட்டப்ப எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சு."

மார்ச் 15. மார்பு 38, இடுப்பு 34. நீல மை. எட்டைக் கீழிருந்து மேலாகச் சுழித்து எழுதுகிற ஆள் இந்தக் கடையில் ஒருத்திதான். வயிற்றுத் தையல் பிரித்த மறுவாரம், எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு காலையில், இதே கண்ணாடி முன்னால் நின்று டேப்பைச் சுற்றிக்கொண்டது இப்போது ஞாபகம் வருகிறது. வருகிறது என்ன, போகவே இல்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றதும், பிறகு மூடி வைத்ததும்.

இன்றைக்கு அந்த இடத்தில் எழுதினேன். ஆவுடையம்மாள், அம்பாசமுத்திரம். கட்டுப் போட்ட விரலோடு எழுதியதில் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. ஆனாலும் முதல் வரியும் தலைப்பும் ஒரே கை என்று யார் பார்த்தாலும் தெரியும்.

பகவதி இன்றைய அளவை எழுதக் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். அதை வாங்கி வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன்.